வங்கி பிடித்த பணம் திரும்ப வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி: தனியார் வங்கி ஒன்றில் எனக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. மாதச் சராசரியாக 10,000 ரூபாய் இருப்பு வைக்க வேண்டும். ஜூன் மாதத்தின் முதல் 20 நாள்கள் கணக்கில் 12,000 ரூபாய் இருந்தது. அம்மாவின் மருத்துவச் செலவுக்காகப் பணம் எடுத்ததால் கடைசி 10 நாள்கள் 1,800 ரூபாய்தான் இருந்தது. ஜூலை முதல் வாரத்தில் 708 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பெரும்பாலான நாள்கள் 10,000 ரூபாய்க்கு மேல் வைத்திருந்த எனக்கு அபராதம் விதித்தது சரியா? கிளையில் கேட்டால், "சிஸ்டம் எடுத்துக்கொண்டது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள்.

பதில்: இருப்பு குறையவே இல்லை என்று வாதிட்டால் உங்கள் புகார் நிற்காது. மாதச் சராசரி என்பது ஒவ்வொரு நாளின் முடிவிலும் கணக்கில் இருந்த தொகையைக் கூட்டி, அந்த மாதத்தின் நாள்களால் வகுத்துக் காண்பது. உங்கள் கணக்கில் முதல் 20 நாள்களுக்கு 2,40,000, அடுத்த 10 நாள்களுக்கு 18,000, ஆக மொத்தம் 2,58,000 வருகிறது. அதை 30-ஆல் வகுத்தால் 8,600 ரூபாய். ஆகவே 1,400 ரூபாய் பற்றாக்குறை இருந்தது உண்மைதான்.

ஆனால் அந்தப் பற்றாக்குறைக்கு அபராதம் விதித்த முறையில்தான் வங்கி தவறியிருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதம் குறித்து ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் சுற்றறிக்கை வெளியிட்டது; 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இருப்பு குறைந்தவுடன் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வங்கி முதலில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தந்து, அதற்குள்ளும் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம் பிடிக்கலாம். பணத்தைப் பிடித்த பிறகு வந்த செய்தி முன்னறிவிப்பு ஆகாது. உங்கள் விஷயத்தில் இந்த ஒரு குறை போதும், முழுத் தொகையையும் திரும்பக் கேட்பதற்கு.

தொகையிலும் கேள்வி இருக்கிறது. அபராதம் பற்றாக்குறையின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அதே சுற்றறிக்கையின் நிபந்தனை. உங்கள் வங்கியின் இணையதளத்தில் உள்ள கட்டணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, பற்றாக்குறையில் 6 சதவீதம் என்று அதில் இருந்தால் 1,400 ரூபாய்க்கு 84 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 15 ரூபாய் 12 காசும் சேர்ந்து 99 ரூபாய் 12 காசுதான் வரும். நீங்கள் கட்டிய 708 ரூபாய் என்பது 600 ரூபாயும் அதற்கான வரியும். 100 ரூபாய் குறைந்தவருக்கும் 9,000 ரூபாய் குறைந்தவருக்கும் ஒரே 600 ரூபாய் என்றால் அது பற்றாக்குறைக்கு ஏற்ற கட்டணம் அல்ல. பற்றாக்குறையைப் படிகளாகப் பிரித்து, படிக்கு ஒரு கட்டணம் என்று வசூலிக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு என்பதால், பட்டியலில் உங்கள் பற்றாக்குறை எந்தப் படியில் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கட்டணத்தோடு பிடித்த ஜி.எஸ்.டி.யையும் திருப்பித் தரும்படி கேட்க மறந்துவிடாதீர்கள். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

சிஸ்டம் எடுத்துக்கொண்டது என்ற பதிலை நானும் என் கணக்கு விஷயமாக ஒரு வங்கிக் கிளையில் கேட்டிருக்கிறேன். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அந்த சிஸ்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தது வங்கிதானே?

அபராதத்தால் மட்டுமே கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதும் விதி. இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இதை மாற்றித் தரும்படி கேட்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. ஸ்டேட் வங்கி 2020-லேயே இந்த அபராதத்தைக் கைவிட்டுவிட்டது.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் ஆண்டுக் கட்டணம் இல்லாத கிரெடிட் கார்டு ஒன்று இருந்தது. "உயர்தரக் கார்டுக்குத் தகுதி பெற்றிருக்கிறீர்கள்" என்று தொலைபேசியில் சொன்னபோது, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். புதிய கார்டு வீட்டுக்கு வந்தது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இப்போது 999 ரூபாயும் வரியும் ஆண்டுக் கட்டணம், அதற்குத் தாமதக் கட்டணம் என்று பில் வருகிறது.

பதில்: ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய கார்டு விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் புதிய கார்டு கொடுப்பதோ, இருக்கும் கார்டை மேம்படுத்துவதோ கூடாது. அப்படிக் கொடுத்துப் பில்லும் போட்டால், அந்தக் கட்டணங்களை உடனே ரத்து செய்வதுடன், ரத்து செய்த தொகையின் இரு மடங்கை அபராதமாக உங்களுக்கு வங்கி தர வேண்டும். "பார்க்கலாம்" என்பது சம்மதம் ஆகாது. "நான் சம்மதித்ததற்கான ஒலிப்பதிவையோ, ஓ.டி.பி. பதிவையோ தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள், சம்மதத்தை நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

உறை பிரிக்காதது நல்லதாகப் போயிற்று. கார்டு கொடுத்து 30 நாள்களுக்கு மேலாகியும் வாடிக்கையாளர் அதைச் செயல்படுத்தவில்லை என்றால், ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் வராவிட்டால் ஏழு வேலை நாள்களுக்குள் கட்டணமின்றிக் கார்டை மூட வேண்டும். நீங்களாகவே மூடச் சொல்லிக் கேட்டாலும் ஏழு வேலை நாள்கள்தான் கெடு. நிலுவை ஏதும் இல்லாத நிலையில் அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். ஆகவே கார்டை மூடும் கோரிக்கையையும் கட்டணத் தகராறையும் ஒரே மின்னஞ்சலில் குழப்பாமல், இரண்டு தனித்தனி மின்னஞ்சல்களாக அனுப்புங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: கிரெடிட் கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 42 சதவீத வட்டி போடுகிறார்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருப்பதாகச் சொல்கிறார்களே, கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: முடியாது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. வாட்ஸ்ஆப்பில் இன்னும் பழைய தீர்ப்பே சுற்றிக்கொண்டிருக்கிறது. வட்டி அதிகம் என்ற வாதத்தை விட்டுவிட்டு, உங்கள் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பாருங்கள். கெடுத் தேதி கடந்து மூன்று நாள்களுக்கு மேல் நிலுவை நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம். மறுநாளே போட்டிருந்தால் திரும்பக் கேளுங்கள். அந்தக் கட்டணமும் கெடுவுக்குப் பின் கட்டாமல் நின்ற தொகையை வைத்துத்தான் கணக்கிடப்பட வேண்டுமே தவிர, மொத்த பில் தொகையை வைத்து அல்ல. கட்டப்படாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடுவதை விதி தடுக்கிறது. இந்த மூன்றில் ஒன்று உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருந்தாலும் அந்தத் தொகையைக் கேட்டு வாங்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை; கணக்கில் கழிந்துவிட்டது. ஒன்பதாம் நாள்தான் திரும்ப வந்தது. இதற்கு இழப்பீடு உண்டா?

பதில்: உண்டு. பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் வரவு வைக்க வேண்டும் என்றும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாயை வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவிட்டது. உங்களுக்கு நான்கு நாள் தாமதத்துக்கு 400 ரூபாய் வர வேண்டும். கேட்காமலே தர வேண்டியது என்றாலும், கேட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: புகாரை எழுதிக் கொடுத்தால் கிளையில் வாங்கவே மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மறுப்பவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். அங்கே அனுப்பிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கதை வேண்டாம், நாலு வரி போதும்: "இந்தத் தேதியில், பாஸ்புக்கில் இன்ன பெயரில் பதிவாகியுள்ள இவ்வளவு ரூபாய் பிடிக்கப்பட்டது. இதற்கு முன்னறிவிப்பு எனக்கு வரவில்லை. இது எந்த விதியின் கீழ், எந்தக் கணக்கீட்டில் பிடிக்கப்பட்டது என்று தெரிவிக்கவும். வரியுடன் தொகையைத் திருப்பி வரவு வைக்கவும்." பாஸ்புக்கில் உள்ள சுருக்கெழுத்துகளை அப்படியே எழுதுங்கள்.

முப்பது நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சி.எம்.எஸ். எனப்படும் ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில், அந்த வங்கி நியமித்த குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) புகார் பதியலாம்; கட்டணம் இல்லை. வழிமுறை தெரியாதவர்கள் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். இங்கேயும் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வங்கியிடம் முதலில் புகார் தராமல் நேரே இங்கு வந்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். வழக்கறிஞர் மூலம் பதிந்தாலும் ஏற்க மாட்டார்கள். அதே விஷயம் ஏற்கெனவே நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தாலும் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே முதலில் குறைதீர்ப்பாளர், அங்கு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்ற வரிசையில் போவதே நல்லது.