கரி படிந்த பக்கத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி-பதில்: பழம்பொருள் ஏலம்

(பதில் சொல்பவர், ஏல நிறுவனமொன்றில் 22 ஆண்டுகள் கேட்டலாக் எழுதியவர்)

கே: ஏலக் கேட்டலாக்கில் ஒரு ஜோடி பித்தளை ஆண்டயர்ன் பார்த்தேன். கணப்பில் விறகுக் கட்டையைத் தாங்குமே, அதுதான். ‘மூன்றாம் ஜார்ஜ் பாணி’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இருநூறு வருடப் பழசுதானே?

ப: இல்லை. அந்தப் ‘பாணி’ என்ற ஒரு வார்த்தைக்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்! வெறுமனே ‘மூன்றாம் ஜார்ஜ்’ என்றிருந்தால், அந்த இங்கிலாந்து ராஜா ஆண்ட 1760-க்கும் 1820-க்கும் இடையில் செய்த பொருள் என்று நிறுவனம் கருதுகிறது. கூடவே ‘பாணி’ ஒட்டிக்கொண்டால், அந்த ஜாடையில் பிறகு எப்போதோ செய்தது. போன வருடம் செய்ததாகக்கூட இருக்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. படிக்கிற அவசரத்தில் நீங்கள்தான் அந்த வார்த்தையை முழுங்கிவிட்டீர்கள்.

ஆனாலும் ஏலத்துக்கு முன் பார்வைக்கு வைக்கும் நாளில் நேரில் போங்கள். கேட்டலாக் எழுதுகிறவர்களும் தப்புச் செய்வோம். வருகிற எல்லோரும் முன்னால் இருக்கும் பித்தளைத் தூணைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நீங்கள் பின்னால் போங்கள். விறகு உட்காரும் இரும்புச் சட்டம் உண்மையிலேயே பல குளிர்காலம் நெருப்பில் கிடந்திருந்தால், கட்டை எரிந்த இடத்தில் மட்டும் அரித்து மெலிந்திருக்கும். மேல்பக்கம் செதில் செதிலாக உரியும். சிலதில் சட்டமே லேசாகத் தொய்ந்திருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகக் கறுப்பாக இருந்தால் அது பெயின்ட்.

அடுத்து, தூணை வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஊதுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் தூணை நெடுக்கில் இரண்டு பாதியாக வார்த்துத்தான் ஒட்டினார்கள். மூச்சின் ஆவி படியும் அந்த ஒரு நொடியில், ஒட்டின கோடு மயிரிழை போலத் தெரிந்து மறையும். பையில் ஒரு காந்தமும் இருக்கட்டும். தூணில் ‘டப்’பென்று ஒட்டினால் அது பித்தளையே இல்லை, முலாம்.

சட்டம் மட்டும் புதிதாக இருந்தால் உடனே ‘போலி’ என்று கத்திவிடாதீர்கள். எரிந்து வீணான சட்டத்தை மாற்றுவது எந்தக் காலத்திலும் உண்டு. மாற்றியதைக் கேட்டலாக்கில் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. சொல்லவில்லையென்றால் கண்டிஷன் ரிப்போர்ட் (பொருளின் நிலையைச் சொல்லும் அறிக்கை) கேட்டு வாங்குங்கள்.

கே: கணப்பின் பின்சுவரில் சாத்தும் வார்ப்பிரும்புப் பலகை ஒன்று கிடைத்தது. நங்கூரங்களும் ‘1588’ என்ற வருடமும் அதிலேயே வார்த்திருக்கின்றன. தேதியே இருக்கும்போது சந்தேகம் எதற்கு?

ப: அந்தப் பலகையை எனக்கு நன்றாகத் தெரியும், நிறைய முறை சந்தித்திருக்கிறேன்! பழைய பலகையையே ஈர மணலில் அழுத்தி அச்செடுத்துவிட்டால், உருவத்தோடு தேதியும் சேர்ந்து இறங்கிவிடும். இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் நகலின் நகல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகும்; கயிற்று முறுக்கு, எழுத்தின் விளிம்பு எல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கும். அசல் என்று உறுதியான ஒன்றின் அளவோடு டேப் வைத்து ஒப்பிடுங்கள்.

கே: விற்பதற்கு முன் பித்தளை ஃபெண்டரை (கணப்பின் முன்னால் வைக்கும் தாழ்வான தடுப்பு) பளபளவென்று தேய்த்து வைக்கலாமா?

ப: வேண்டாம். தூசு தட்டினால் போதும்.

கே: பறவை ஓவியர் ஆடுபானின் பூநாரைப் படம், கண்ணாடிச் சட்டம் போட்டது, ஏலத்துக்கு வருகிறது. உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. அசலா?

ப: நீங்கள் நினைக்கிற அசல் இல்லை. ஆடுபான் ‘அமெரிக்கப் பறவைகள்’ தொகுப்பை 1827 முதல் 1838 வரை 435 படங்களாக வெளியிட்டார். பறவையை உயிரின் அளவிலேயே வரைவது என்பதில் பிடிவாதக்காரர். தாள் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அதிலும் பூநாரை நிமிர்ந்து நிற்க இடம் போதாமல், கழுத்தை வளைத்துக் குனிய வைத்தார். அந்தக் குனிந்த பறவை ஒரு முழத்துக்குள் அடங்கியிருக்கிறது என்றால் யாரோ சுருக்கியிருக்கிறார்கள்.

சுருக்கியதெல்லாம் குப்பை என்று அர்த்தமில்லை. 1840-லிருந்து 1844-க்குள் சிறிய அளவில் 500 படங்களோடு லித்தோகிராஃப் (கல்லச்சு) பதிப்பு ஒன்று வந்தது. அதுவும் மதிப்புள்ளதே, வேறு பொருள், வேறு விலை. ஆனால் அந்தத் தாள் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமான உயரம்தான் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். வண்ணம் தூரிகையால் பூசியதென்றால் ஓரங்களில் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கும். வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அச்சு இயந்திரத்தில் எடுத்த நகல். சட்டத்தைக் கழற்ற விடவில்லையென்றால் கை தூக்காதீர்கள்.

கே: 18-ஆம் நூற்றாண்டுப் பறவைப் புத்தகம் ஒன்று, ‘படத்தொகுப்பாக மட்டும், எல்லாக் குறைகளோடும், திருப்பி எடுக்கப்படாது’ என்ற குறிப்போடு மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ப: படங்களுக்காக என்றால் வாங்கலாம், புத்தகத்துக்காக என்றால் படங்களை எண்ணிவிட்டு வாங்குங்கள். இந்த வகைப் புத்தகங்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்பவர்கள் உண்டு. தனித்தனியாகப் போனால் காசு அதிகம். உதாரணத்துக்கு, தாவரவியலாளர் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவர நூல் என்றால் (1795-1820) 3 தொகுதி, 300 படம். 299 இருந்தால் அது முழுமை இல்லை, அவ்வளவுதான்.

நானே மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஒரு பறவைப் புத்தகத்தின் கடைசி அட்டை உள்பக்கத்தில், பழைய புத்தக வியாபாரி ஒருவர் ‘சரிபார்த்தது, முழுமை’ என்று பென்சிலில் குறித்திருந்தார். சாயங்கால நேரம், அடுக்கில் இன்னும் பதினைந்து லாட் (ஏலப் பொருள்) பாக்கி. அவரை நம்பி ‘முழுமை’ என்று எழுதிவிட்டேன். வாங்கியவர் ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தையல் ஓரத்தில் என் விரலைப் பிடித்து வைத்தார். பிளேடால் வெட்டிய தாளின் மிச்சம், நகக்கண் அகலத்துக்கு. எதிர்ப்பக்கத்தில், எழுத்துகளின் மேலேயே, ஓர் ஆந்தையின் பழுப்பு நிழல். நூறு வருடத்துக்கும் மேல் அழுந்திக் கிடந்ததில் படத்தின் மை அந்தத் தாளில் இறங்கியிருந்தது. படம் போய்விட்டது, ஆந்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு தையல் ஓரத்தையும் விரலால் தடவாமல் ‘முழுமை’ என்று எழுதியதில்லை.

கே: ஏலத்தில் எடுத்த விக்டோரியா காலத் தாவரப் புத்தகம், பளிச்சென்ற பச்சைத் துணி பைண்டிங். பேத்தி படம் பார்க்க ஆசைப்படுகிறாள்.

ப: கொடுக்காதீர்கள். அந்தக் காலத்து மரகதப் பச்சைச் சாயத்தில் ஆர்சனிக் உண்டு, தொட்டால் கையில் உதிரவும் செய்யும். அமெரிக்காவில் வின்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் இப்படிப்பட்ட பைண்டிங்குகளைத் தேடிச் சோதித்துப் பட்டியல் போட்டுவருகிறது. உங்களுடையதும் அந்தப் பச்சைதானா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சோதித்துத் தெரியும்வரை நைட்ரைல் கையுறை போட்டு எடுத்து, ஜிப் வைத்த பாலிதீன் உறையில் தனியாக வையுங்கள். பேத்திக்கு நீங்கள் போனில் படம் பிடித்துக் காட்டலாமே.