குடியை நிறுத்தினால் அடியும் நின்றுவிடுமா?

"குடித்தால் மட்டும்தான் அடிப்பார், மற்றபடி தங்கமான மனிதர். குடியை நிறுத்த வைத்தால் போதும்தானே?" என்று உங்கள் தங்கைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அடி குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பித் தங்கை அந்த வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

குடி வெறும் சாக்கு, அடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இந்தியாவின் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், அடிக்கடி போதையேறி வரும் கணவர்களின் மனைவியரில் சுமார் 70 சதவீதம் பேர் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். குடிக்காதவர்களின் மனைவியரில் அது 23 சதவீதம். அந்த 23ஐயும் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு சொட்டுகூடத் தொடாதவனும் கை நீட்டுகிறான்.

போதையில் கவனம் சுருங்கிவிடும் என்று 1990இல் ஸ்டீல், ஜோசப்ஸ் என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். அந்த நொடியில் உறுத்துவது பெரிதாகத் தெரியும். பிள்ளைகளின் பயம், நாளைய விளைவு எல்லாம் மங்கிப்போகும். "ஏன் இவ்வளவு நேரம்?" என்ற சாதாரணக் கேள்விகூட அவமானமாகக் காதில் விழும். சரி, கை ஏன் மனைவி மேல் மட்டும் போகிறது? கூடக் குடித்தவன் சீண்டினால் சிரித்து மழுப்பிவிட்டு வருகிறவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓங்குகிறார் என்றால், 'இவளை அடிக்கலாம்' என்ற நினைப்பு குடிப்பதற்கு முன்பே அவரிடம் இருந்தது.

என் பெரியம்மா மகள் சொல்வாள்: "பைக்குக்கு ஸ்டாண்ட் போடுற சத்தத்துலயே தெரிஞ்சிடும்டா." ஒரே தடவையில் நின்றால் நிம்மதி. இரண்டு மூன்று முறை வழுக்கினால் பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, கண்ணாடிச் சாமான்களை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். பிறகு அத்தான் சிகிச்சை எடுத்துக் குடியை விட்டார். அடி நின்றது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அக்காவின் சம்பளம் அப்படியே அவர் கைக்குப் போக வேண்டும், போனில் யார் பேசினாலும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது மாறவே இல்லை. தெளிவாக இருக்கும்போதே செய்கிற வேலை அது.

குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்த ஆண்களைப் பற்றி 2003இல் ஒரு அமெரிக்க ஆய்வு வெளியானது. முந்தைய ஆண்டில் அவர்களில் 56 சதவீதம் பேர் துணையிடம் வன்முறை காட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டில், குடியை விட்டவர்களிடம் அது 15 சதவீதம், மறுபடி தொடங்கியவர்களிடம் 32. ஒப்பிட எடுத்துக்கொண்ட, குடிநோய் இல்லாத ஆண்களிடம் 14. ஆக, சிகிச்சை வீண் இல்லை. ஆனால் மறுபடி தொடங்குவது இந்த நோயில் சகஜம், அப்போது அடி வாங்கப்போவது உங்கள் தங்கை.

அதனால் முதலில் தங்கையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்: குடிக்காத நாளிலும் பயமாக இருக்கிறதா? ஆம் என்றால் குடிநோய்ச் சிகிச்சை மட்டும் போதாது; வன்முறைக்கென்று கணவருக்குத் தனி ஆலோசனை வேண்டும். இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் கவுன்சலிங் இப்போதைக்கு வேண்டாம். அங்கே வாய்திறந்து சொன்னதற்கு வீட்டில் அடி விழும். அப்புறம், நீண்டகாலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், எரிச்சலும் ஏறும். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அந்த நாட்களில் தங்கையும் பிள்ளைகளும் உங்களோடு இருக்கட்டும். போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசுவதோ பாட்டிலைப் பிடுங்குவதோ வேண்டாம்.

கணவர் ஒருமுறையாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா என்றும் தங்கையிடம் கேளுங்கள். நெரித்திருந்தால், குடித்திருந்தாரா இல்லையா என்ற பேச்சே வேண்டாம். அது உயிருக்கே ஆபத்து என்பதற்கான அறிகுறி. சிகிச்சை, ஆலோசனை எல்லாம் பிறகு. அன்றைக்கே தங்கையையும் பிள்ளைகளையும் கூட்டிவந்துவிடுங்கள்.