இடது ஸ்பீக்கர் மட்டும் அடிக்கடி செத்துப்போகுதா? ஸ்பீக்கர மாத்துறதுக்கு முன்னாடி ஒயர இடம் மாத்தி மாட்டிப் பாருங்க

ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், வீட்ல இருபது வருஷப் பழசு ஸ்டீரியோ ஆம்ப் ஒண்ணு ரெண்டு ஸ்பீக்கரோட இருக்கு. மெதுவா பாட்டு கேக்கும்போது இடது பக்கம் திடீர்னு சத்தம் அமுங்கிப்போய் கரகரன்னு ஆகுது, வால்யூம நல்லா ஏத்துனா டக்குனு சரியாயிடுது. போன மாசம் டிவியையும் இதுல சேத்தேன், அதுலேர்ந்து எப்பவும் ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வேற. ஸ்பீக்கர் மாத்தணுமா, ஆம்ப்பே புதுசு வாங்கிடலாமா?"

இப்போதைக்கு ரெண்டுமே வேணாம். உங்ககிட்ட இருக்கறது ஒரு பிரச்சனை இல்ல, ரெண்டு தனித்தனி பிரச்சனை, ரெண்டுத்தையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டா கடைசில எல்லாத்தையும் மாத்தியும் இரைச்சல் அப்படியே இருக்கும்.

முதல்ல இடது பக்கத்த பாப்போம். ஸ்டீரியோல இருக்கற பெரிய வசதி என்னன்னா எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு, அதனால ஒண்ணு கெட்டா இன்னொண்ண வச்சே கண்டுபிடிச்சிடலாம், மீட்டர் கூட வேணாம். ஆம்ப்ப ஆஃப் பண்ணிட்டு (ஆன்ல இருக்கும்போது ஸ்பீக்கர் ஒயர்ல கைய வைக்காதீங்க, ஒரு முடி அளவு கம்பி பக்கத்து டெர்மினல்ல பட்டாலே அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிடும்) பின்னாடி இடது ஸ்பீக்கர் ஒயர வலது டெர்மினல்லயும் வலத இடதுலயும் மாத்தி மாட்டுங்க. ப்ளஸ் மைனஸ் மட்டும் மாறிடாம பாத்துக்கோங்க. இப்ப மெதுவா பாட்டு போட்டு ஒரு அரை மணி நேரம் கேளுங்க, ஏன்னா இது விட்டு விட்டு வர்ற கோளாறு, அஞ்சு நிமிஷத்துல பிடிபடாது. இப்பவும் அதே இடது ஸ்பீக்கர்தான் அமுங்குதுன்னா கோளாறு ஸ்பீக்கர்லயோ அந்த ஒயர்லயோ இருக்கு. இப்ப வலது ஸ்பீக்கர் அமுங்குதுன்னா ஸ்பீக்கர் ரெண்டும் நல்லா இருக்கு, பழி ஆம்ப் மேலயோ அதுக்கு முன்னாடி இருக்கறது மேலயோ.

அப்படி வலதுக்கு தாவிடுச்சுன்னா ஸ்பீக்கர் ஒயர பழையபடி மாட்டிட்டு, அடுத்து பாட்டு வர்ற பக்கம், அதாவது ப்ளேயர்லேர்ந்து வர்ற சிகப்பு வெள்ளை ஒயர ஆம்ப் இன்புட்ல மாத்தி சொருகுங்க. கோளாறு பக்கம் மாறுச்சுன்னா ப்ளேயர் இல்லன்னா அந்த ஒயர். மாறாம இடதுலயே உக்காந்திருந்தா ஆம்ப் உள்ளதான். அவ்ளோதான் சோதனை.

நீங்க சொல்ற அறிகுறிய வச்சு சொல்றேன், எனக்கு சந்தேகம் ஆம்ப் உள்ள இருக்கற ரிலே மேலதான். ஆன் பண்ணி ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு 'டக்'னு ஒரு சத்தம் வருமே, அதுதான் ரிலே. ஆம்ப் கெட்டு டிசி கரண்ட் (பேட்டரில வர்ற மாதிரி ஒரே திசைல ஓடுற கரண்ட்) ஸ்பீக்கருக்கு போயிடாம தடுக்க வச்சிருக்கற ஸ்விட்ச் அது. வருஷக்கணக்கா ஓடுன ரிலேல அந்த காண்டாக்ட் மேல ஒரு கறுப்பு படிஞ்சிடும். மெதுவா பாட்டு ஓடும்போது போற சின்ன சிக்னலால அந்த படிவ தாண்ட முடியாது, வால்யூம ஏத்துனா வோல்டேஜ் கூடி அத உடைச்சிக்கிட்டு போயிடும். "வால்யூம் ஏத்துனா சரியாயிடுது"ன்னு ஒருத்தர் சொன்னாலே நான் பாதி முடிவு பண்ணிடுவேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நேரம் நல்லா பாடுதுன்னா மீதி பாதியும் முடிஞ்சுது.

ஆனா அதுக்கு முன்னாடி வால்யூம் கண்ட்ரோல், பேலன்ஸ், ஸ்பீக்கர் ஏ பி பட்டன், இன்புட் செலக்டர் இதையெல்லாம் ஒவ்வொண்ணா லேசா ஆட்டிப்பாருங்க. எத தொட்டா கரகரன்னு வருதோ, சத்தம் போய் போய் வருதோ, அதுதான் ஆளு. கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஒரு இருபது முப்பது தடவ இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் திருகி, நல்லா காய விட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. துரு எடுக்கற சாதாரண ஆயில் ஸ்ப்ரேய அடிக்காதீங்க, அன்னைக்கு நல்லா இருக்கும், அப்புறம் எண்ணெய்ல தூசி ஒட்டி பழையத விட மோசமாயிடும். டேப் மானிட்டர்னு ஒரு பட்டன் (ப்ளேயர விட்டுட்டு டேப் டெக்லேர்ந்து வர்றத கேக்க வைக்கற பட்டன்) இருந்தா அதையும் பாருங்க. சிரிக்காதீங்க, ஆரம்பத்துல நானே சத்தமே வராத ஒரு ஆம்ப்ப முழுசா பிரிச்சு போட்டு ரெண்டு நாள் தேடுனேன், கடைசில பாத்தா அந்த பட்டன் உள்ள அமுங்கி இருந்துச்சு.

சோதனைல ஸ்பீக்கர்தான்னு வந்துட்டா, மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 6, 7 கிட்டதான் காட்டும், கெட்டுப்போச்சுன்னு நினைச்சிடாதீங்க, அது அப்படித்தான். ஒண்ணுமே காட்டலன்னா உள்ள கம்பி அறுந்திருக்கு. முன்னாடி துணிய கழட்டி கோன சுத்தி இருக்கற ஃபோம் வளையத்த விரலால தொட்டுப்பாருங்க, பழைய ஸ்பீக்கர்ல அது பொடிப்பொடியா உதிரும், அதுக்கு புது வளையம் ஒட்டிக்கலாம், ஸ்பீக்கர தூக்கிப் போட வேணாம். இன்னொண்ணு, ஒயர கழட்டி மாட்டுனதுக்கு அப்புறம் பேஸ் காணாம போய், பாடுறவர் குரல் நடுவுல நிக்காம அறை பூரா பரவுன மாதிரி இருந்தா ஒரு ஸ்பீக்கர்ல ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கு. நிறைய வீட்ல வருஷக்கணக்கா இப்படியே ஓடுது, யாருக்கும் தெரியறதில்ல. ஒயர்ல எது ப்ளஸ்னு தெரியலன்னா, ஆம்ப்லேர்ந்து கழட்டிட்டு 1.5 வோல்ட் பேட்டரிய ஒரு நொடி தொட்டுப்பாருங்க, கோன் வெளிய தள்ளுனா பேட்டரி ப்ளஸ் தொட்ட கம்பிதான் ப்ளஸ்.

இப்ப அந்த ம்ம்ம்.

டிவிய சேத்ததுக்கு அப்புறம்தான் வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதனால ஆம்ப்ப பிரிக்க வேண்டிய வேலையே இல்ல. இது க்ரவுண்ட் லூப். ஆம்ப்பும் டிவியும் ரெண்டு வழியா எர்த்தோட சேருது, அந்த வளையத்துல மெயின்ஸ் கரண்ட் கொஞ்சம் ஓடி, 50 ஹெர்ட்ஸ் ஹம்மா (சில நாட்ல 60) ஸ்பீக்கர்ல கேக்குது. டிவியிலேர்ந்து ஆம்ப்புக்கு வர்ற ஆடியோ ஒயர புடுங்குங்க, இரைச்சல் நிக்கணும். திரும்ப சொருகிட்டு, டிவிக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ வர்ற கேபிள் ஒயர, அதான் அந்த வட்டமான திருகு போட்ட ஒயர, கழட்டுங்க. பெரும்பாலும் இங்கயே கப்சிப்னு ஆயிடும், கேபிள்காரங்க எர்த்தும் உங்க வீட்டு எர்த்தும் வேற வேற, அதான் காரணம். அதுக்கு ஐசொலேட்டர்னு ஒரு சின்ன துண்டு கிடைக்கும், கேபிள் நடுவுல போட்டா போதும். அதுல நிக்கலன்னா ரெண்டு பொருளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகிப்பாருங்க. டிவியில ஆப்டிகல் அவுட் இருந்தா இன்னும் நல்லது, ஒரு சின்ன டிஏசி (டிஜிட்டல் சிக்னல ஆம்ப்புக்கு புரியற சாதா சிக்னலா மாத்துற டப்பா) வாங்கி அது வழியா ஆம்ப்புக்கு குடுங்க, வெளிச்சத்துல போற சிக்னல், நடுவுல செம்பு கம்பியே இல்ல, லூப் எங்கேர்ந்து வரும்? டிவி செட்டிங்க்ஸ்ல டிஜிட்டல் அவுட்ட பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் ஆடியோ) வைக்க மறந்துடாதீங்க, டால்பில விட்டா சாதா டிஏசிக்கு அது புரியாது, சத்தமே வராது.

"எர்த் பின்ன உடைச்சிடுங்க சார், ஹம் போயிடும்"னு யாராவது வந்து சொல்லுவாங்க. ஹம் போயிடும்தான். உள்ள ஏதாவது லீக் ஆனா ஆம்ப் பாடிய தொடுறவங்களும் போயிடுவாங்க. அந்த வேலைய மட்டும் செய்யவே செய்யாதீங்க.

டிவி ஒயர புடுங்குனதுக்கு அப்புறமும், வால்யூம முழுசா கொறைச்சும் கர்ர்ர்னு ஒரு இரைச்சல் அப்படியே இருந்தா அது வேற கதை, பவர் சப்ளைல இருக்கற பெரிய கெபாசிட்டர் காஞ்சிருக்கலாம். அது மெக்கானிக் வேலை, ப்ளக்க புடுங்குன அப்புறமும் அதுல சார்ஜ் நிக்கும், அனுபவம் இல்லாம மூடிய தொறக்காதீங்க.

ரிலேவயும் தெரிஞ்சவங்ககிட்டயே குடுங்க. சில பேர் உப்புத்தாள் போட்டு தேச்சு குடுத்துடுவாங்க, காண்டாக்ட் மேல இருக்கற பூச்சும் சேந்து போயிடும், கொஞ்ச நாள்ல திரும்ப வந்து நிப்பீங்க. அதே காயில் வோல்டேஜ், அதே ஆம்பியர்ல புதுசு போடச் சொல்லுங்க, பெருசா செலவாகாது. நிறைய ஆம்ப்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ரிலேதான், இடது போச்சுன்னா வலதும் பின்னாடியே வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், புதுசு போட்டா ரெண்டும் சேந்து சரியாயிடும். மாத்தி முடிச்சதும், ஸ்பீக்கர மாட்டாம, பாட்டு எதுவும் போடாம, ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி வோல்டேஜ் எவ்ளோன்னு பாக்கச் சொல்லுங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா மாட்டலாம், வோல்ட் கணக்குல காட்டுனா ஸ்பீக்கர மாட்ட வேணாம், ஆம்ப் அங்கயே இருக்கட்டும்.