ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடி ஏன் சுடுது?

கேள்வி: திண்டிவனம் பக்கம் எங்க ஊர்ல இருட்டினதும் வாசல்ல கயித்துக் கட்டில் போட்டா தூக்கம் வந்துடும். சென்னைல ராத்திரி பத்து மணிக்கும் மாடில கால் வைக்க முடியல. ஆனா டெல்லில இருக்குற என் தம்பி, மே மாச மத்தியானம் ஊருக்கு வெளியதான் சூடு ஜாஸ்தின்னு சாதிக்கிறான். யார் சொல்றது சரி?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ரெண்டு பேரும் சரிதாங்க, சண்டைய நிறுத்துங்க. நகர வெப்பத் தீவுங்கறது நகரத்துக்கும் அதச் சுத்தி இருக்குற இடத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம், அதனால வெளிய என்ன இருக்குன்னும் பாக்கணும். டெல்லியச் சுத்தி ஏப்ரல்ல கோதுமை அறுத்துடுவாங்க, மே மாசம் நிலம் காஞ்சு வெறும் மண்ணா கிடக்கும், ஈரம் இல்லாத மண்ணு சட்டுனு கொதிச்சுடும், ஊருக்குள்ளயாவது மரம், பார்க், கட்டட நிழல்னு கொஞ்சம் இருக்கு, அதான் சாட்டிலைட்ல பாத்தா பகல்ல தரைச் சூடு பல இடத்துல வெளிய ஜாஸ்தியா தெரியுது. அதே தம்பிய நடுராத்திரில கேளுங்க, பதில் மாறிடும்! காஞ்ச மண்ணு சீக்கிரம் ஆறிடும், கான்கிரீட்டும் தாரும் பகல் பூரா வாங்கின சூட்ட விடிய விடிய விட்டுட்டே இருக்கும், பக்கத்து வீட்டு ஏசி தள்ளுற அனல் வேற.

இது புதுசும் இல்ல. மேகங்களுக்குப் பேர் வச்ச லூக் ஹோவர்ட் 1818லயே லண்டன்ல கணக்கெடுத்து, ஊருக்குள்ள ராத்திரிதான் சூடு கூடுதல்னு எழுதி வச்சிருக்கார். அப்போ ஏசி ஏது, வீட்டுக்கு வீடு கரி அடுப்புதான்.

சென்னைல கடல் காத்து வேற ஆட்டத்த மாத்தும். சூட்ட அளக்குற ரெண்டு இடத்துல, கடலுக்குக் கிட்ட இருக்குற நுங்கம்பாக்கத்துக்கு அது முதல்ல வரும், உள்ள தள்ளி இருக்குற மீனம்பாக்கத்துக்கு லேட்டு, அதனால கோடைல மீனம்பாக்கம் அடிக்கடி சூட்டுல ஒரு படி மேல போகும்.

வருஷக் கணக்குல பாக்கணும்னா டோக்கியோ. நூறு வருஷத்துல சுமார் 3 டிகிரி ஏறிருக்கு, பூமியே சூடானது அதுல ஒரு பங்கு, மிச்சத்துல பெரும்பகுதி ஊர் வளந்ததால. ஆனா 2014 டிசம்பர்ல அங்க அளக்குற இடத்த ஆபீஸ் ஏரியாலேர்ந்து அரண்மனை பக்கத்துல இருக்குற மரம் நிறைஞ்ச பார்க்குக்கு மாத்துனாங்க, ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ராத்திரி அளவு சராசரியா ஒரு டிகிரிக்கு மேல இறங்கிடுச்சு. அதனால போன்ல காட்டுற டிகிரிய நம்பி தம்பிகிட்ட பந்தயம் மட்டும் கட்டிடாதீங்க.