ஐயாவின் பேரேட்டில் ஓர் எண்

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டைச் சுத்தம் செய்தபோது பெட்டகத்தில் ஐயாவின் பழைய பேரேடு கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் 381654729 என்று மட்டும் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். ராசி எண் என்கிறார் ஒரு பங்காளி, புதையல் குறிப்பு என்கிறார் இன்னொருவர். உண்மையில் என்ன அது?
- தேவகோட்டை ஆச்சி ஒருவர்

பதில்: புதையலை மறந்துவிடுங்கள் ஆச்சி, பட்டாலையைத் தோண்ட ஆள் கூப்பிட்டிருந்தால் முதலில் திருப்பி அனுப்புங்கள். உங்கள் ஐயா கணக்கில் ருசி கண்டவர், அவ்வளவுதான்.

முப்பத்தெட்டுக் கோடியைத் தாண்டும் இந்த எண்ணில் 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை வருகிறது. அது பெரிய விஷயமில்லை, அப்படி 3,62,880 எண்கள் எழுதலாம். இடமிருந்து படித்துப் பாருங்கள்: 38 இரண்டால் வகுபடும், 381 மூன்றால், 3816 நான்கால், 38165 ஐந்தால்... இப்படியே போய் முழு எண்ணும் ஒன்பதால் வகுபடும். அந்த 3,62,880-இல் இப்படி நடந்துகொள்வது இது ஒன்றுதான்!

எப்படித் தெரியும் என்றால், எல்லாவற்றையும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பூஜ்யம் இல்லாததால் ஐந்தாம் இடத்தில் 5தான் உட்கார முடியும். 2, 4, 6, 8-ஆம் இடங்களில் இரட்டைப்படை வந்தாக வேண்டும், ஆகவே மற்ற இடமெல்லாம் ஒற்றைப்படைக்கு. ஒன்பதைப் பற்றிக் கவலையே இல்லை, 1 முதல் 9 வரை கூட்டினால் 45, எப்படி மாற்றி அடுக்கினாலும் வகுபடும். மூன்று, நான்கு, ஆறு, எட்டு ஆகியவற்றின் விதிகளையும் வைத்துக் கழித்துக்கொண்டே வந்தால் பத்தே எண்கள் மிஞ்சும், அதில் நம் 987654321-உம் ஒன்று என்பது வேடிக்கை. கடைசியில் ஏழு வருகிறது, அதுதான் இரக்கமில்லாத பேர்வழி: 9876543-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5, அவுட். மற்ற எட்டும் அப்படியே விழ, 3816547 மட்டும் 545221 என்று மீதியில்லாமல் நிற்கும். பின்னால் ஒரு பூஜ்யம் சேருங்கள், பத்தாலும் வகுபட்டுவிடும். ராசி எண் என்கிற பங்காளியிடம் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கடைக் கணக்கில் 63 ரூபாய் இடித்தது. வயதான கணக்கப்பிள்ளை பார்த்த மாத்திரத்தில் “எண்ணைப் புரட்டி எழுதியிருக்கே” என்றார். எப்படி?
- காரைக்குடி வாசகர்

பதில்: அதுவும் ஒன்பதின் வேலைதான். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டை இடம் மாற்றினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 63-ஐ ஒன்பதால் வகுத்தால் 7, அதனால் ஏழு வித்தியாசமுள்ள இலக்கங்களைத் தேடுங்கள்: சிட்டையில் 81 இருந்து பேரேட்டில் 18 ஏறியிருக்கும், இல்லையென்றால் 92-க்கு 29. அப்புறம், யாராவது 63 ரூபாய்க்கு வெற்றிலை பாக்கு வாங்கி எழுதாமல் விட்டாலும் இதே 63தான் இடிக்கும், அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.