அசலூர்க்காரனுக்கு என்ன விலை?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு மோன்டானாவுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறான். அந்த ஊர்க்காரனுக்கு 20, 30 டாலரில் லைசென்ஸாம். இவனுக்கு ஆயிரம் டாலருக்கு மேலாம். அசலூர்க்காரன் என்பதற்காக இப்படிக் கறப்பது நியாயமா? ஒரே நாடுதானே?
– வாசகர், தென்காசி

பதில்: அசலூர்க்காரன்! எத்தனை நாளாயிற்று இந்தச் சொல்லை ஒரு கடிதத்தில் பார்த்து! வேட்டையைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்தச் சொல்லுக்காக உங்களுக்கு ஒரு கும்பிடு.

அயலூர்தான் பேச்சில் அசலூர் ஆனது. 'அண்டை அசல்ல என்ன நினைப்பாங்க' என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த அசல். பத்திரத்துக்கும் வட்டிக்கும் பக்கத்தில் வருகிற அசல் வேறு. அது அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது, மூலம், முதல் என்று பொருள். பிறப்பு வேறாக இருந்தும் இரண்டும் ஒரே உருவில் நிற்கின்றன. ஒன்று வெளியாள், மற்றது கலப்படமில்லாதது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாயிற்று, இன்னொரு முறையும் எழுதுகிறேன்: பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் இப்படிப்பட்ட ஊர்ச்சொற்களைக் 'கொச்சை' என்று சிவப்பு மையால் சுழிக்காதீர்கள், ஆசிரியர்களே. அசலூரைச் சுழித்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது 'வெளிமாநிலத்தவர்' என்கிற சர்க்கார் சொல். அதில் ஆள் முகமே தெரியாது. அசலூர்க்காரன் என்றால் கையில் பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கி, டீக்கடையில் வழி கேட்கிறவன் கண்ணுக்குத் தெரிகிறான்.

இனி உங்கள் மகன் விஷயம். அவன் கேட்பதை அவனுக்கு முன்பே மினசோட்டாக்காரர்கள் கோர்ட்டில் கேட்டுவிட்டார்கள். மோன்டானாவின் வேட்டை வழிகாட்டி ஒருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். வாடிக்கையாளர் வந்தால்தானே அவருக்குப் பிழைப்பு. 1976-ல் உள்ளூர்க்காரர் 9 டாலர் கொடுத்து எல்க் லைசென்ஸ் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அசலூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. எல்க், மான், கருங்கரடி, பறவை, மீன் எல்லாம் சேர்ந்த கட்டைத்தான் வாங்க வேண்டும், விலை 225 டாலர். அதே கட்டு உள்ளூர்க்காரருக்கு 30 டாலர். தீபாவளிக்கு ஒரு சரம் வெடி கேட்டவனிடம், கிஃப்ட் பாக்ஸை முழுசாக வாங்கினால்தான் தருவேன் என்று கடைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? கரடியைச் சுடும் எண்ணமே இல்லாதவனும் கரடிக்குச் சேர்த்துப் பணம் கட்டினான்.

1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மோன்டானா பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக்மன். எல்க் வேட்டை பொழுதுபோக்கு, விளையாட்டு. அசலூர்க்காரனின் பிழைப்பு இதை நம்பி இல்லை. ஆகவே ஒரு மாநிலம் மற்ற மாநிலத்தாரையும் சமமாக நடத்தியே தீரவேண்டிய உரிமைகளில் இது சேராது என்றார். இத்தனை மடங்கு வித்தியாசத்தை எந்தச் செலவுக் கணக்கும் நியாயப்படுத்தவில்லை என்று கீழ்க் கோர்ட்டே ஒப்புக்கொண்டிருந்ததை எடுத்துக்காட்டி, மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் பிரென்னன்.

இந்தத் தீர்ப்பை வைத்து வழக்கறிஞர் நண்பர் ஒருவரோடு எனக்கு வருஷக்கணக்கில் சண்டை. அவர் 1948-ஐத் தூக்கிக்கொண்டு வருவார். தெற்கு கரோலினா தன் கடலில் இறால் பிடிக்க உள்ளூர்ப் படகுக்கு 25 டாலர், வெளிப் படகுக்கு 2,500 டாலர் என்று வைத்தது. அதே உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. 'இறால் பிழைப்பு, எல்க் பொழுதுபோக்கு. கோடு தெளிவாகத்தானே இருக்கிறது?' என்பார். எனக்குத் தெளிவாக இல்லை. ஓர் எல்க்கை அடித்தால் குளிர்காலம் முழுக்க ஒரு குடும்பத்தின் ஃப்ரீசரில் இறைச்சி இருக்கும். அதை நம்பி மாட்டிறைச்சி வாங்காமல் இருக்கிற தச்சரும் லாரி டிரைவரும் அந்த நாட்டில் உண்டு. சுவரில் கொம்பு மாட்டுகிறவனைப் பார்த்துச் சட்டம் எழுதினால் சோற்றுப்பானைக்காரன் தப்புவதில்லை. நண்பர் இதைப் படிப்பார். பதில் எழுதட்டும், போடுகிறேன்.

அதற்காக விலை ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மலையில் பனி இறுகும்போது எல்க் கூட்டம் கீழே இறங்கி, பண்ணையில் அடுக்கிவைத்த வைக்கோலை மேய்ந்துவிட்டுப் போகும். அந்த நஷ்டம் உள்ளூர்க்காரன் தலையில். வருஷம் முழுக்க அந்த மண்ணுக்கு வரி கட்டுகிறவனும் அவன்தான். பிள்ளையை அமெரிக்காவில் படிக்கவைத்த பெற்றோருக்கு வெளி மாநிலத்தாரிடம் கூடுதலாக வாங்கும் 'அவுட் ஆஃப் ஸ்டேட்' ஃபீஸ் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் சொல்கிற காரணமும் இதே வரிதான். கூடுதல் விலை நியாயமே.

ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். மோன்டானாவின் லைசென்ஸ் வருமானத்தில் பாதிக்கு மேல் தருகிறவன் அசலூர்க்காரன். வனவிலங்கு இலாகாவுக்கு அசலே அவன்தான். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி மத்திய வரி உண்டு, ரைஃபிளுக்கு 11 சதவீதம். 1937-ல் வந்த சட்டப்படி அந்தப் பணம் வனவிலங்குப் பணிக்காக மாநிலங்களின் பரப்பையும் லைசென்ஸ்காரர் எண்ணிக்கையையும் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. உங்கள் மகன் மினசோட்டாக் கடையில் வாங்குகிற தோட்டாவில் ஒரு துளி மோன்டானாவுக்கும் போகிறது.

எனக்குக் கோபம் வருவது பக்கத்து வயோமிங்கை நினைத்தால்தான். உள்ளூர்க்காரருக்கு எல்க் லைசென்ஸ் 57 டாலர், அசலூர்க்காரருக்கு 692. சரி, விடுங்கள். அசலூர்க்காரர்களுக்குள்ளேயே இன்னொரு வரிசை வைத்தார்கள்: 'ஸ்பெஷல்'. 2024-லிருந்து அதன் விலை 1,950 டாலர். காடும் மானும் அதேதான். லைசென்ஸ் கிடைப்பது குலுக்கலில். கூடுதல் பணத்துக்கு அதில் சீட்டு விழ வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான். உள்ளூர்க்காரனின் வைக்கோலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காசுள்ளவன் முன்னால் போக வேறு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

வயோமிங் நிலத்தில் கிட்டத்தட்டப் பாதி மத்திய அரசுடையது. நாட்டுக்கே பொதுச் சொத்து. அதில் அடர்காடாகப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில், அசலூர்க்காரன் பெரிய விலங்கு வேட்டைக்குத் தனியாகப் போகக்கூடாது என்று மாநிலச் சட்டம். லைசென்ஸ் பெற்ற வழிகாட்டி வேண்டும், அல்லது அனுமதி பெற்ற உள்ளூர்க்காரர் கூட வர வேண்டும். வழிதவறிச் சாகாமல் காப்பதற்காம். அதே ஆள் அதே காட்டில் தனியாக ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கலாம், மீன் பிடிக்கலாம், படம் எடுக்கலாம். ரைஃபிள் கையில் வந்ததும்தான் அவனுக்கு வழி மறந்துவிடும் போலிருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? வழிகாட்டித் தொழிலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற சட்டம் அது. அதை எடுத்தே ஆக வேண்டும்.

அதே வயோமிங்கில்தான் ஓர் ஏணி வழக்கும் நடந்தது. 1860-களில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு நிலத்தைச் சதுரங்கப் பலகை போலப் பிரித்துக் கொடுத்தார்கள். கறுப்புக் கட்டம் அரசுக்கு, வெள்ளைக் கட்டம் தனியாருக்கு. கறுப்புக் கட்டங்கள் ஒன்றையொன்று மூலையில் மட்டுமே தொடும். மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் 2020-ல் எல்க் மவுண்டன் என்கிற மலைப் பக்கம் ஒரு மூலையில் பார்த்தது இரண்டு இரும்புக் கம்பங்கள், நடுவே சங்கிலி, 'உள்ளே வராதே' பலகை. கம்பத்தைப் பிடித்துச் சுற்றி அடுத்த கட்டத்தில் கால் வைத்தார்கள். 2021-ல் நான்கு பேராக வந்தபோது ஓர் இரும்பு ஏணியோடு வந்தார்கள். இந்தப் பக்கக் காலும் பொது நிலத்தில், அந்தப் பக்கக் காலும் பொது நிலத்தில். தனியார் மண்ணில் பாதமே படவில்லை. வெள்ளைக் கட்டங்களின் சொந்தக்காரரான பண்ணைக்காரர் அத்துமீறல் என்று சிவில் வழக்குப் போட்டு, லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டார். அரசுத் தரப்பு தனியாகப் போட்ட குற்ற வழக்கில் ஜூரி குற்றமில்லை என்றது. சிவில் வழக்கில் 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

அந்தப் பண்ணைக்காரரும் வயோமிங்கில் வசிப்பவர் அல்ல. வட கரோலினாக்காரர். அவரும் அசலூர்தான். மலையை வளைத்துக்கொண்ட அசலூர்க்காரருக்கு வேலி, ஏணி தூக்கி வந்த அசலூர்க்காரருக்கு வழக்கு! லைசென்ஸ் விலையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: மோன்டானாவில் விண்ணப்பிக்க ஏப்ரல் 1 கடைசி நாள். வெளியாருக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, குலுக்கல்தான். நண்பர்கள் ஒரே குழுவாக விண்ணப்பித்தால், கிடைக்கும்போது எல்லோருக்கும் சேர்ந்தே கிடைக்கும். போய்வந்த பிறகு அங்கே டீக்கடைக்குப் பதிலாக எங்கே வழி கேட்டான் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.