சுவர் வழியாக ஒரு பாரதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், வேலை ஒயிட்பீல்டில். என் அறைத்தோழன் ராபர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் ‘ஆட்டோமேட்டிக் ரைட்டிங்’ ஆல்பத்தைப் பற்றி ஓயாமல் பேசுவான். 1979இல் வெளிவந்தது, 46 நிமிடம். அவன் வற்புறுத்தலால் மெட்ரோவில் போகும்போது போட்டுப் பார்த்தேன். ஓர் ஆள் முணுமுணுக்கிறார். ஒரு பெண் பிரெஞ்சில் கிசுகிசுக்கிறார். இடையிடையே சிந்தசைசர் ஒலி, எங்கிருந்தோ ஆர்கன். ஒரு சொல்கூடப் புரியவில்லை. பொறுமை இழந்து பாதிக்கு மேல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி முடித்தேன்.

இது இசைதானா? புரியாத பேச்சை முக்கால் மணி நேரம் கேட்பதில் என்ன ஈர்ப்பு? இதை ரசிக்கிறவர்கள் உண்மையிலேயே ரசிக்கிறார்களா, வெள்ளைக்காரர் செய்தது என்பதால் தலையாட்டுகிறார்களா? இந்த வகையில் புதியவர்கள் கேட்க வேண்டிய ஐந்து ஆல்பங்களைச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
ர., பெங்களூரு

அன்புள்ள ர.,

‘ஒன்றரை மடங்கு வேகம்’ என்ற இடம் வந்ததும் கடிதத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். முணுமுணுப்பை வேகமாக ஓட்டினால் வேகமான முணுமுணுப்பு கிடைக்கும், வேறென்ன? ‘ஓட்டி முடித்தேன்’ என்கிறீர்கள், சாயங்காலம் மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டியவர்போல.

இருந்தாலும் பதில் எழுதுகிறேன். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய கேசட் அகப்பட்டது. அதைப் பற்றி யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சில்லறைகளை முதலில் தீர்த்துவிடுவோம். இது இசைதானா என்ற கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. தலையாட்டுகிறவர்கள் எங்கும் உண்டு. சபா கேன்டீனின் ரவா தோசைக்காகத் தோடியைப் பொறுத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர் விவகாரம் என்பதும் சரியில்லை. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மோக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் உட்பட நம்மவர்கள் சிலர் 1972 வரை அதில் செய்துபார்த்தவை நாடாக்களாகவே கிடந்து, 2023இல்தான் ஆல்பமாக வெளிவந்தன. தேடிக் கேளுங்கள். ஐந்து ஆல்பங்களின் பட்டியல் தரமாட்டேன். தந்தால் ஐந்தையும் ஓட்டி முடித்துவிடுவீர்கள்.

மீதி இருப்பது ‘புரியவில்லை’. அதைத்தான் விடமுடியவில்லை.

அந்த ஆள் என்ன செய்கிறார் என்று உங்கள் அறைத்தோழன் சொல்லவில்லையா? ஆஷ்லிக்குத் தன்னை அறியாமல் பேச்சு வந்துவிடும். டூரெட் நோய்க்குறியின் லேசான வடிவம் தனக்கு இருப்பதாக அவரே நினைத்தார். வாய் தானாக உளறுகிறது, மனிதர் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரார் முன்னிலையில் மறைக்கவேண்டிய ஒன்று. அவர் அதையே இசையாக்கப் பார்த்தார். அப்போது ஒரு சிக்கல் வந்தது. தானாக வருவதை வேண்டுமென்று செய்தால் அது தானாக வந்ததாகுமா? மேடையில் செய்துபார்த்தார், உள்ளூர நிறைவில்லை. கடைசியில் தனியாக உட்கார்ந்து, மைக்கை வாயோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, அது வரும்வரை காத்திருந்து பதிவு செய்தார். பிறகு அந்தப் பேச்சை மின்னணுக் கருவிகளில் செலுத்திச் சொற்களை மங்கவைத்தார். அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை மிமி ஜான்சன் என்ற பெண் பக்கத்தில் கிசுகிசுக்கிறார். முணுமுணுப்பு, பிரெஞ்சு, சிந்தசைசர், ஆர்கன் என்று நான்கு பாத்திரங்கள். இதைச் செய்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. நீங்கள் நாற்பது நிமிடத்துக்குள் தாண்டிவிட்டீர்கள்.

தம்பி, நீங்கள் திருநெல்வேலிக்காரர். கோயில் கொடை பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. சாமியாடிக்கு அருள் வந்து பேசும்போது எத்தனை சொல் உங்களுக்குப் புரிந்தது? பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று, ‘என்ன சொல்லுதுன்னா...’ என்று எடுத்துச் சொல்லுவார். அந்தப் பெரியவர்தான் மிமி ஜான்சன். அதே சிக்கலும் அங்கே உண்டு: மேளம் முழங்குகிறது, ஊர் காத்திருக்கிறது, அருள் வந்தாக வேண்டும், ஆனால் வரவழைத்ததாகவும் இருக்கக் கூடாது. உங்கள் ஊர்ச் சாமியாடி ஆண்டுதோறும் இந்தக் கயிற்றின்மேல்தான் நடக்கிறார். நீங்கள் எப்போதாவது ‘புரியவில்லை’ என்று எழுந்து வீட்டுக்குப் போனீர்களா?

உடனே ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று துள்ளாதீர்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. சாமியாடியைச் சுற்றி ஊர் இருக்கிறது. மழை வருமா, மகள் கல்யாணம் நடக்குமா என்று கேட்கிறது. ஆஷ்லியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பூட்டிய அறையில் கேள்வியே இல்லாமல் வந்த பதில் அது. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டு இரண்டும் ஒன்று என்றால் இரண்டையுமே கேட்கவில்லை என்று பொருள்.

என் அப்பா இருந்திருந்தால் உங்கள் கட்சியில் சேர்ந்திருப்பார். அவர் தீவிரமான தமிழிசை ஆதரவாளர். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதைத் தன் வீட்டுக் கல்யாணம்போலச் சொல்வார். திருவையாறு எங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவுதான். தியாகராஜர் ஆராதனைக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. பஞ்சரத்னத்தில் நான்கு தெலுங்கு, ஒன்று வடமொழி, ‘அங்கே எனக்கு என்ன வேலை?’ என்பார். சொல் புரியாத பாட்டு உப்பில்லாத சோறு என்பது அவர் கட்சி. தமிழன் மேடையில் தமிழ் கேட்கவேண்டும் என்பதில் நான் இன்றும் அவர் பக்கம்தான். ஆனால் அந்த உப்பு விஷயத்தில், பெங்களூருக்கு வந்த முதல் ஆண்டே அவரிடமிருந்து விலகிவிட்டேன்.

1986இல் வந்தேன். தமிழர்கள் நிறைந்த அல்சூரில் வீடு கிடைத்திருந்தால் கன்னடமே இல்லாமல் காலம் தள்ளியிருப்பேன். கிடைக்கவில்லை. மல்லேஸ்வரத்தில், சம்பிகே சாலைக்குப் பின்னால், ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழு குடித்தனங்கள். அதில் ஓர் அறை. பக்கத்துப் பகுதியில் ஓர் அஜ்ஜி, கன்னடப் பாட்டி, இருந்தார். மாலை ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு ரீங்காரம் எழும். மின்சாரச் சுருதிப்பெட்டி. அந்த வகை மின்னணுத் தம்பூராவைப் புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ்நாராயண் இதே பெங்களூரில்தான் உருவாக்கினார், 1979இல். ஆஷ்லியின் ஆல்பம் வந்த அதே ஆண்டு. இந்த ஒற்றுமைக்குப் பொருள் ஏதும் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரீங்காரத்தின்மேல் அஜ்ஜியின் குரல் ஏறும். பாட்டு என்றும் சொல்ல முடியாது, படிப்பு என்றும் சொல்ல முடியாது. கமகம் என்று அதற்குப் பெயர் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிருஷ்ணன், அர்ஜுனன் என்ற பெயர்கள் அவ்வப்போது சுவரைக் கடந்து வரும். பாரதம் என்பதுவரை ஊகித்தேன். யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. கன்னடம் நமக்குப் பக்கத்து வீடு அல்லவா? புரிந்துவிடும்போலவே இருக்கும், கைக்கு அகப்படாது. அதனால் காது வேறு எதையோ பிடித்துக்கொண்டது. இரண்டு வரி குட்டை, மூன்றாவது நீளம். மறுபடி இரண்டு குட்டை, ஆறாவது நீளம். மூன்றாவதில் அஜ்ஜியின் மூச்சு நீண்டு ஓரிடத்தில் லேசாகக் கிழியும். அது கன்னடத்தில் பாரதம் பாடிய குமாரவியாசரின் பாமினி ஷட்பதி என்ற ஆறு வரி யாப்பு என்பது தெரியாமலேயே அதன் அளவு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. குளிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சொல்லே இல்லாமல் அந்த ஆறு வரிகள் உள்ளே ஓடும்.

அப்போதெல்லாம் அடிக்கடி மின்சாரம் போகும். சுருதிப்பெட்டி நின்றுவிடும். அஜ்ஜி நிறுத்தமாட்டார். பிடிமானம் இல்லாத குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அவருக்கே தெரியாமல். மின்சாரம் திரும்பியதும் பெட்டி பழைய சுருதியில் பிடிவாதமாக ரீங்கரிக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி, காது கூசும் இடைவெளி. அஜ்ஜி படிப்பை நிறுத்தாமல், அரை வரிக்குள் ஏறி அதைப் பிடித்துவிடுவார். அந்த அரை வரிக்காக நான் மின்சாரம் போகாதா என்று காத்திருந்த நாட்கள் உண்டு. பெங்களூரில் இப்படி வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு கன்னடம் வந்துவிட்டது. தொழிற்சாலையில், பஸ்ஸில், காய்கறிக் கடையில். ஒரு மாலை அஜ்ஜி செய்யுளை முடித்து மருமகளுக்கு வழக்குப் பேச்சில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்புப் படுக்கையில் பீஷ்மர் தண்ணீர் கேட்டார், எல்லோரும் குடத்தோடு ஓடினார்கள், அவர் வேண்டாமென்று தலையசைத்தார். முயற்சி இல்லாமல் முழுதாகப் புரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன், அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து கதை என்னைப் பிடித்துக்கொண்டது. நல்ல கதைதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதன்பின் மின்சாரம் போவதைச் சுருதி நிற்பதால் அறியவில்லை, விளக்கு அணைவதால்தான் அறிந்தேன். கிழியும் அந்த மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. அஜ்ஜி மாறவில்லை, என் காதுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

ஆஷ்லியின் ஆல்பத்தை ஒரு நண்பர் பத்தாண்டுக்கு முன் அனுப்பினார். உங்களைப்போலவே எனக்கும் எரிச்சல்தான் வந்தது. உங்களிடம் இல்லாத ஒரு நல்ல குணம் என்னிடம் உண்டு, சோம்பல், எழுந்து நிறுத்தவில்லை. முணுமுணுப்பு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எப்போதோ அந்த ஆர்கன், அடுத்த வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் மங்கலாக வந்தபோது, தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். 1986இல் இருந்த காது திரும்பி வந்ததுபோல் இருந்தது. நீங்கள் கேட்ட ஈர்ப்பு எனக்கு இவ்வளவுதான். உங்கள் அறைத்தோழனுக்கு அவன் ஊர்ச் சுவர் ஏதாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

என் மனைவி இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். ஸ்ரீராமபுரத்தில் பிறந்த தமிழச்சி. தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று இரண்டையும் ஒன்றாகக் கற்றவள். புரியாமல் கேட்ட நாள் என்று அவளுக்கு ஒன்று கிடையாது. ‘அந்த அம்மா தினமும் மருமகளை வைத்துக்கொண்டு பாரதம் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்டது அவரை இல்லை, சுவரை’ என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மெட்ரோவில் வேண்டாம். ஹெட்போனும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல், போனை அடுத்த அறையில் வைத்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, நீங்கள் இந்தப் பக்கம் சட்டைக்கு இஸ்திரி போடுங்கள். ஒலியைக் கூட்டாதீர்கள். வேகத்தைத் தொடாதீர்கள்.

கேசட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். 1988இல் அஜ்ஜியிடம் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டபோது சிரித்தார், டேப் ரிக்கார்டரை மட்டும் உள்ளே விடவில்லை. பேட்டரி போட்டு என் பக்கத்துச் சுவரோடு ஒட்டிவைத்துப் பதிந்தேன். இப்போது கேட்பதற்காக எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைப் பழுது பார்த்து வாங்கிவந்தேன். நாடா தேய்ந்து பாதிச் சொற்கள் போய்விட்டன, ரீங்காரம் அப்படியே இருக்கிறது. கர்ண பர்வம் என்கிறாள் மனைவி. இருபத்தெட்டாவது நிமிடத்தில் மின்சாரம் போகிறது. ரீங்காரம் அற்றுப்போய் அஜ்ஜியின் குரல் தனியாக வருகிறது, மெல்ல இறங்குகிறது. இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. மின்சாரம் வருவதற்குள் நாடா முடிந்துவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்.